எலிக்குட்டி குளிருக்கு அழுகிறதா, அம்மாவுக்கு அழுகிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் ஏழு எலிக்குட்டிகள் இருந்தன. ரோமம் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு. எடுத்து முறத்தில் வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கீழே படுத்திருந்த பூனை காதைத் திருப்பிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் மகள் "குளிருதுன்னு அழுவுதா, அம்மாவைக் கூப்பிடுதா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் "இது தாயைத் தேடும் அழுகை" என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் "இது அழுகையே இல்லை, உடல்சூட்டைக் காக்கும் வேலையில் தானாக எழும் ஓசை" என்று இருக்கிறது. இரண்டில் எது சரி என்கிறீர்கள்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சத்தத்தை எது கிளப்புகிறது என்பது ஒன்று. குட்டியின் உடம்புக்குள் அது எந்த வேலையின் பகுதி என்பது இரண்டாவது. அதைக் கேட்ட தாய் என்ன செய்கிறாள் என்பது மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உறுதியாகவே பதில் சொல்லலாம். நடுவில் இருப்பதைப் பற்றித்தான் முப்பது வருடத்துக்கு மேலாக வாதம் நடக்கிறது. நீங்கள் படித்த இரண்டு பக்கங்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, ஒன்றையொன்று மறுப்பதுபோல் நிற்கின்றன.

நான் விலங்கு உடலியல் படித்தவன். பன்னிரண்டு வருடம் ஆய்வக எலிகளோடு வேலை பார்த்தேன்; அதில் பெரும்பகுதி, பிறந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கும் குட்டிகளோடு. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்து வெள்ளை எலியைப் பற்றியது. உங்கள் பரணில் இருந்தது வீட்டெலியாகவோ சுண்டெலியாகவோ இருக்கலாம். அடிப்படை ஒன்றுதான், எண்கள் கொஞ்சம் மாறும்.

முதலில் சத்தம் ஏன் உங்களுக்குக் கேட்கவில்லை என்று பார்ப்போம். நல்ல இளம் காதுக்கே ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எலிக்குட்டி எழுப்புவது 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். சுண்டெலிக் குட்டியுடையது அதற்கும் மேலே, 50 முதல் 100 வரை போகும். பூனைக்கு 85 வரை கேட்கும், அதனால்தான் எழுந்து உட்கார்ந்தது. ஆந்தைக்கு இது கேட்காது, பாம்புக்கும் கேட்காது. இந்த மாதிரி மீயொலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், குறுக்கே ஒரு பலகை இருந்தாலே மட்டுப்படும். கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்க்கு எட்டுகிற, தூரத்து எதிரிக்கு எட்டாத சத்தம் அது. 1956-இல் ஸிப்பேலியுஸ், ஷ்லைட் என்ற இருவர் சுண்டெலிக் குட்டிகளில் இதைக் கண்டு ஜெர்மன் மொழியில் எழுதினார்கள்.

இது நம் குரலைப் போலக் குரல்நாண் அதிர்ந்து வருவதில்லை. குரல்வளையை இறுக்கி, அந்தச் சின்ன இடுக்கு வழியே மூச்சுக்காற்றைப் பீய்ச்சுவதால் வரும் விசில். 1970களில் ராபர்ட்ஸ் என்பவர், கொறிவிலங்குகளுக்கு ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார். சுருதி மேலே ஏறியது. நாண் அதிர்வில் பிறக்கும் ஒலி என்றால் காற்று மாறினாலும் அடிப்படைச் சுருதி அப்படியே இருக்கும். விசில் என்றால் ஏறும். குரல்வளையை இறுக்கிக்கொண்டு மூச்சை வெளியே விடுவது என்ற இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வந்த சண்டை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

சரி, உடல்சூட்டுக்கு வருவோம். பிறந்த எலிக்குட்டியின் எடை 5, 6 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் ஆற மணிக்கணக்காகும், அதையே பாலாடையில் எடுத்தால் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும் இல்லையா, அதே கணக்குத்தான் இங்கேயும். உடம்பு சின்னது, தோல்பரப்பு அதிகம், ரோமம் இல்லை, தோலுக்கடியில் சொல்லிக்கொள்ளும்படி கொழுப்புப் படலம் இல்லை. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. அதனால் பல்லியைப்போல் சுற்றுப்புறச் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும் ஜீவன் என்று ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். அது தவறு.

குட்டியின் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு திசு இருக்கிறது. நமக்குத் தெரிந்த வெள்ளைக் கொழுப்பு சேமித்து வைக்கும் கொழுப்பு. இது எரிக்கும் கொழுப்பு. குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கும், இந்தத் திசு உடனே எரியத் தொடங்கும். இதன் செல்களில் இருக்கும் ஒரு தனிப் புரதம், எரிபொருளின் ஆற்றலை வேறு வேலைக்குப் போகவிடாமல் நேராக வெப்பமாக மாற்றிவிடுகிறது. அங்கிருந்து வடியும் சூடான ரத்தம் சீக்கிரமே இதயத்துக்குப் போய்ச் சேர்கிறது. கைகால் குளிர்ந்தாலும் இதயம் குளிராமல் இருக்க அதுவே முதல் காவல். இதற்கு மேல், குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுக்கும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி ஆல்பர்ட்ஸ் 1978-இல் காட்டியபடி அந்தக் குவியல் அசையாமல் கிடப்பதில்லை. குளிர்ந்தால் மேலே இருக்கும் குட்டி உள்ளே புதையும், சூடு ஏறினால் உள்ளே இருப்பது மேலே வரும். குவியல் முழுக்க மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும். நீங்கள் பெட்டியிலிருந்து முறத்துக்கு மாற்றியபோது அந்தக் குவியலைத்தான் கலைத்தீர்கள்.

இனி நானே பார்த்ததைச் சொல்கிறேன். இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கண்ணாடி அறை. சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும். தண்ணீரின் சூட்டை மாற்றினால் உள்ளே காற்றின் சூடும் மாறும். உள்ளே வலைத்தட்டில் ஒரு வாரக் குட்டி ஒன்று. தோள்பட்டைகளுக்கு நடுவே சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய தெர்மோகப்பிள் கம்பி, இடுப்புப் பக்கம் இன்னொன்று. மேலே, வௌவால் ஆய்வுக்காரர்கள் வைத்திருக்கும் டிடெக்டர். மீயொலியை நம் காதுக்குக் கேட்கும்படி இறக்கிக் கொடுக்கும் கருவி அது. காற்று 35 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது குட்டி தூங்கும். தூக்கத்தில் காலும் வாலும் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். டிடெக்டரில் இரைச்சல் தவிர ஒன்றும் இருக்காது. காற்றை மெல்ல 30-க்குக் கொண்டுவந்தால் தூக்கம் கலையும், குட்டி துழாவும். இப்போது தோள்பட்டைக் கம்பி இடுப்புக் கம்பியைவிடக் கூடுதல் சூடு காட்டும்; பழுப்புக் கொழுப்பு எரிகிறது. டிடெக்டர் அப்போதும் மௌனம். குளிர் உண்டு, அம்மா இல்லை, தனிமைதான், ஆனாலும் குட்டி கத்துவதில்லை. இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை வியந்து நின்றேன்.

இன்னும் இறக்குவோம். இருபதுகளின் கீழ்ப்பாதிக்கு வரும்போது தோள்பட்டைக் கம்பியின் எண்ணும் சரியத் தொடங்கும். எரிப்பு அதன் உச்சத்தைத் தொட்டுவிட்டது, வெளியே போகும் சூட்டுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இதயத்துடிப்பு குறைகிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூச்சின் போக்கு மாறுகிறது. குட்டி மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விடுகிறது. அந்த விடுகிற மூச்சில்தான் டிடெக்டர் முதல் தடவையாக "டிக்" என்கிறது. அப்புறம் தொடர்ந்து டிக், டிக், டிக். அறையைத் திரும்பச் சூடாக்கினால் அடங்கிவிடும். உள்ளங்கையில் எடுத்துப் பொத்திக்கொண்டாலும் சீக்கிரம் அடங்கும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. குளிர் இந்த ஒலியைக் கிளப்புகிறது என்பது 1970களின் தொடக்கத்திலேயே, சுண்டெலியில் ஒகோன், ஆய்வகத்து வெள்ளை எலியில் ஆலின், பாங்க்ஸ் ஆகியோரின் வேலையால் தெளிவாகிவிட்டது. குளிர் என்றாலே கத்தல் என்றில்லாமல், பழுப்புக் கொழுப்பின் எல்லையைக் குளிர் தாண்டும்போதுதான் கத்தல் என்ற நுணுக்கத்தை 1990களில் காட்டியவர்கள் மார்க் பிளம்பெர்க், கிரெட்டா சொகொலொஃப் இருவரும். மிதமான குளிரில் கொழுப்பு எரிவதை மருந்தால் தடுத்தால், இதயத்துடிப்பு அந்த மிதமான குளிரிலேயே விழுந்துவிடுகிறது. ஆக, முதல் கேள்விக்குப் பதில் திட்டவட்டம். தனித்து விடப்பட்ட குட்டியின் ஒலியைக் கிளப்பும் காரணங்களிலேயே வலுவானது குளிர்.

இதே உறுதியோடு இன்னும் இரண்டு விஷயம் சொல்லலாம். குட்டி ஒரேயடியாகக் குளிர்ந்துபோனால் சத்தம் நின்றுவிடும்; மூச்சும் நிற்கும், தொட்டால் சில்லென்று, செத்ததுபோல் இருக்கும். மைரன் ஹோஃபர், ஹாரி ஷேர் இருவரும் 1992-இல் எழுதினார்கள்: அப்படிக் குளிர்ந்த குட்டியை மெல்லச் சூடாக்கினால் உயிர் திரும்பும் வழியில் ஒரு கட்டத்தில் மளமளவென்று கத்துகிறது. அதாவது இறங்கும்போது ஒரு இடத்தில் கத்தல், ஏறும்போதும் ஒரு இடத்தில் கத்தல், அடியாழத்தில் மௌனம். அமைதியாக இருக்கிறது, அதனால் சுகமாக இருக்கிறது என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, வயது. பிறந்த முதல் நாட்களில் கத்தல் குறைவு, முதல் வாரத்தையும் அதையொட்டிய நாட்களையும் சேர்த்து உச்சம், கண் திறந்து ரோமம் மூடி இரண்டு வாரம் தாண்டும்போது தேய ஆரம்பிக்கும். உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கும் வயதும் அதுவே.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். ஒலி எழும்போது உடம்புக்குள் என்ன வேலை நடக்கிறது? 1990-இல் பிளம்பெர்க்கும் ஆல்பர்ட்ஸும் ஒரு யோசனை சொன்னார்கள். பழுப்புக் கொழுப்பு எரிய ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். மூச்சை விடும்போது குரல்வளையை இறுக்கி வைத்தால் நுரையீரலுக்குள் அழுத்தம் கூடி, காற்றறைகள் விரிந்தபடியே இருக்கும். ஆக்ஸிஜன் ரத்தத்தில் ஏறக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அப்படி இறுக்குவதன் பக்கவிளைவாகத்தான் விசில் எழுகிறது, தாயைக் கூப்பிடுவதற்காக இல்லை என்றார்கள். பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறும் குழந்தை ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகும். அந்த முனகல் வலியால் வருவதில்லை. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழந்தையின் குரல்வளை தடுப்புப் போடுகிறது, அதன் ஓசை அது. ஜார்ஜ் கிரிகரி 1971-இல் அறிமுகப்படுத்திய, தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் சிகிச்சை, குழந்தை தன் குரல்வளையால் செய்ய முயன்றதைத்தான் கருவியால் செய்துகொடுக்கிறது.

அழகான யோசனை. ஆனால் ஹோஃபரும் ஷேரும் 1993-இல் இதை மறுபரிசீலனை செய்து, ஒலி எழுப்ப முடியாத குட்டிகளிலும் வெப்ப உற்பத்தி விழுந்துவிடவில்லை என்று காட்டினார்கள். பிளம்பெர்க் தரப்பும் யோசனையை மாற்றிக்கொண்டது. பழுப்புக் கொழுப்பு முழு வேகத்தில் எரியும் மிதமான குளிரில் கத்தல் இல்லை, அது தோற்கும்போதுதான் கத்தல் என்பதே அவர்களுடைய பழைய யோசனையோடு சரியாகப் பொருந்தாதே. அதனால் 2001-இல் பிளம்பெர்க்கும் சொகொலொஃபும் பார்வையைக் கொழுப்பிலிருந்து இதயத்துக்குத் திருப்பினார்கள். உடம்பு மிகவும் குளிரும்போது ரத்தம் கெட்டியாகிறது, இதயம் மெதுவாகிறது, சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. குரல்வளையை மூடி வயிற்றுத் தசைகளை இறுக்கினால், பற்பசைக் குழாயை அடியிலிருந்து பிதுக்குவதுபோல், வயிற்றில் தேங்கிய ரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படும். பிடி தளர்ந்து மூச்சு வெளியேறும்போது விசில் எழும். இதற்கு ஆதரவாக அவர்கள் வைத்த சான்று குளோனிடின். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துதான். அதைப் போட்டால் குட்டியின் இதயத்துடிப்பு விழுகிறது; கூடு அளவுக்குக் கதகதப்பான அறையில்கூட அது சரமாரியாகக் கத்துகிறது. குளிரே இல்லாமல், இதயம் தளர்ந்தாலே போதும் என்று வாசிக்கலாம்.

அந்த வாசிப்பை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. ஹோஃபர் குழுவின் ஒரு கண்டுபிடிப்பை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான ஒன்றாக நினைக்கிறேன். குட்டியைத் தனியே வைக்கிறார்கள், கத்துகிறது. பிறகு சில நிமிடம் தாயோடு விடுகிறார்கள், அடங்குகிறது. தாய் மயக்க மருந்தில் அசையாமல் கிடந்தாலும் அடங்குகிறது. மறுபடி தனியே எடுத்தால், முதல் தடவையைவிட அதிகமாகக் கத்துகிறது. தாய்க்குப் பதில் கூடப்பிறந்த குட்டிகளோடு விட்டு எடுத்தால் அந்த ஏற்றம் இல்லை. கூடப்பிறந்தவையும் கதகதப்பானவைதாம், தொடுகையும் உண்டு. பின் ஏன் தாய்க்கு மட்டும் இந்த வித்தியாசம்? இதயமும் ரத்தமும் வைத்துச் சொல்லும் கணக்கில் இதற்கு எளிதாக இடம் கிடைப்பதில்லை. குட்டிக்கு "அம்மா இப்போதுதான் இங்கே இருந்தாள்" என்பதற்குச் சமமான ஏதோ ஒரு பதிவு இருக்கிறது என்று கொள்வதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. இதை என் சாய்வாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்த முடிவாக வேண்டாம்.

ஆக இரண்டாவது கேள்வியில் என் நிலை இது. குளிரில் எழும் ஒலிக்கும் மூச்சு, ரத்த ஓட்டம் சார்ந்த உடல் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது உறுதி. அந்த வேலைதான் ஒலிக்கு ஒரே காரணம் என்பது நிறுவப்படவில்லை. எல்லாக் கத்தலுக்கும் ஒரே விளக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதே தவறு என்று நினைக்கிறேன். 22 டிகிரியில் இதயம் தளரும் குட்டியின் ஒலியும், தாயிடமிருந்து இரண்டாம் முறை பிரிக்கப்பட்ட குட்டியின் ஒலியும் ஒரே குரல்வளையில் வருவதால் ஒரே காரணத்தில் வந்தாக வேண்டும் என்றில்லை.

மூன்றாவது கேள்வியில் சிக்கல் இல்லை. பக்கவிளைவோ இல்லையோ, தாய் அதைப் பயன்படுத்திக்கொள்கிறாள். பதிவுசெய்த குட்டி ஒலியை ஒலிபெருக்கியில் போட்டாலே தாய் அந்தப் பக்கம் போகிறாள். ஜெர்மனியில் குந்தர் ஏரெட் என்பவர் சுண்டெலித் தாய்களை வைத்துச் செய்த வேலையில், குட்டியின் ஒலியை மற்ற ஒலிகளிலிருந்து தாய் தெளிவாகப் பிரித்தறிவது தெரிந்தது. 2015-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரோம்கி குழு இன்னொரு படி போனது. குட்டி பெறாத பெண் சுண்டெலி, குட்டியின் ஒலிக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. அதன் மூளையில் இடப்பக்கம் ஒலியைக் கேட்டறியும் பகுதியில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கிடைத்தால் அது குட்டியைத் தூக்கிவரச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது குக்கர் விசில். குக்கர் நம்மைக் கூப்பிடுவதற்காக விசில் அடிப்பதில்லை. உள்ளே அழுத்தம் மீறியதால் ஆவி வெளியேறுகிறது, ஓசை எழுகிறது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அது செய்தி. "மூணு விசில் வந்தா அடுப்பை அணைச்சுடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறோம். ஓசை எதனால் எழுகிறது என்பதும், கேட்பவர் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறார் என்பதும் தனித்தனி. முதலில் வெறும் உடல் வேலையின் ஓசையாகத் தொடங்கி, அதைக் கேட்டு ஓடிவந்த தாய்களின் குட்டிகள் அதிகம் பிழைத்ததால் காலப்போக்கில் அது அழைப்பாகவும் ஆகியிருக்கலாம். எலியில் அப்படித்தான் நடந்தது என்று யாரும் நேரடியாகக் காட்டிவிடவில்லை. ஆனால் பரிணாமத்தில் இது ஒன்றும் அபூர்வமான பாதை இல்லை.

தாயின் பக்கத்திலும் உடல்சூட்டுக்கு ஒரு பங்கு உண்டு. எலித்தாய் கூட்டில் எவ்வளவு நேரம் படுத்திருப்பாள் என்பதை மைக்கேல் லியோனும் கூட்டாளிகளும் 1978-இல் ஆராய்ந்தார்கள். பால் கொடுக்கும் காலத்தில் தாயின் உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும். குட்டிகளை அணைத்துப் படுக்கப் படுக்க அவளுக்குச் சூடு ஏறும். தாங்க முடியாத அளவு ஏறியதும் எழுந்து போய்விடுவாள். அறை குளிர்ச்சியாக இருந்தால் கூடுதல் நேரம் இருப்பாள். அவள் போனதும் குட்டிகள் மெல்லக் குளிரும், குவியும், கொழுப்பை எரிக்கும். குவியலிலிருந்து உருண்டு விலகியது மட்டும் எல்லையைத் தாண்டிக் குளிர்ந்து கத்தும். தாய் வந்து கவ்விக் கூட்டில் சேர்ப்பாள். தாய்க்குச் சூடு ஏறுவதும் குட்டிக்குச் சூடு இறங்குவதும் இப்படி ஒன்றுக்கொன்று கணக்காக நடக்கின்றன. பல வருடம் பார்த்தும் எனக்கு இது சலிக்கவில்லை.

இந்த விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆராய்ச்சி எப்படிக் கெடும் என்பதற்கு ஓர் அனுபவம். 1980களிலிருந்து குட்டிகளின் இந்த ஒலியை வைத்துப் பதற்றம் தணிக்கும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். டயாஸெபாம் மாதிரி மருந்து கொடுத்தால் கத்தல் குறையும். இப்போது ஆட்டிசம் தொடர்பான மரபணு மாற்றம் செய்த சுண்டெலிகளிலும் குட்டி எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணுகிறார்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு மாணவர் புதிய மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். காலையில் மருந்து கொடுக்காத குட்டிகள், மதியம் மருந்து கொடுத்த குட்டிகள். மருந்துக் குட்டிகள் கத்தவே இல்லை என்று மகிழ்ச்சியாக வந்து காட்டினார். அன்று மதியம் மின்சாரம் போய் ஏ.சி. நின்றிருந்தது. மே மாதம். அறை 31 டிகிரியைத் தொட்டிருந்தது. மருந்தே கொடுக்காத குட்டி ஒன்றை அங்கே வைத்துப் பார்த்தோம், அதுவும் கத்தவில்லை. இரண்டு வார வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அறைச்சூட்டையும் குட்டியின் தோல்சூட்டையும் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டு திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து இந்தத் துறையில் எந்தக் கட்டுரை கைக்கு வந்தாலும் முதலில் அறையின் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். எழுதாதவை இன்னும் நிறைய வருகின்றன. அவற்றின் முடிவை நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை.

இனி, நீங்கள் நேராகக் கேட்காத ஆனால் உங்கள் மகள் கேட்ட கேள்வி: அது அழுகிறதா? அழுகை என்றால் நாம் துன்பத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். பிளம்பெர்க்கும் சொகொலொஃபும் தங்கள் கட்டுரைக்கே "எலிக்குட்டிகள் அழுகின்றனவா?" என்றுதான் தலைப்பு வைத்தார்கள். ஒலியை மட்டும் கேட்டு உள்ளே துன்பம் இருப்பதாக முடிவுகட்ட வேண்டாம் என்பது அவர்கள் எச்சரிக்கை. விலங்குகளின் உணர்ச்சியை மூளை வழியாக ஆராய்ந்த யாக் பாங்க்செப் 2003-இல் அதற்கு மறுப்பு எழுதினார். பிரிவுத் துயருக்குப் பாலூட்டிகளின் மூளையில் பொதுவான அமைப்பு இருக்கிறது, அதை ஒதுக்கிவைத்துப் பேசக் கூடாது என்பது அவர் பக்கம். இரண்டையும் பலமுறை படித்திருக்கிறேன். எச்சரிக்கை நியாயமானது, மறுப்பும் நியாயமானது. ஒலியை எண்ணித் துன்பத்தை அளக்க முடியாது என்பதுவரை பிளம்பெர்க்கோடு போகிறேன். அதற்காகத் துன்பமே இல்லை என்று சொல்ல அந்தச் சான்றுகள் போதாது. கையில் குளிர்ந்து கிடந்து, வயிற்றை இறுக்கி மூச்சுவிடும் குட்டியைப் பார்த்தவன் என்ற முறையில், இல்லை என்று சொல்ல எனக்கு மனமும் வராது.

மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். பாதி தூரம் போகலாம். நம் பச்சிளங்குழந்தைக்கும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் பழுப்புக் கொழுப்பு உண்டு, அதுவும் நடுங்குவதில்லை. பிறந்தவுடன் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்த குழந்தைகள், தொட்டிலில் கிடத்தியவற்றைவிடக் கதகதப்பாகவும் இருக்கின்றன, குறைவாகவும் அழுகின்றன. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய, குழந்தையை இப்படி நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறை இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகள் வரை வந்திருக்கிறது. ஆனால் நம் குழந்தையின் அழுகை மீயொலி விசில் இல்லை, அது உருவாகும் விதமும் வேறு. எலியில் கண்ட இதயக் கணக்கைக் குழந்தையின் அழுகைக்கு விளக்கமாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: குட்டிகளுக்குத் தாங்க முடியாத அளவு குளிர்ந்துவிட்டது, அதனால் உடம்பு படும் பாட்டில் சத்தம் வருகிறது, அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும், கேட்டால் வருவாள். இதில் ஒரு சொல்லைக்கூட நாளைக்குத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்காது.

குட்டிகளை இன்னும் முறத்தில்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், கையுறை போட்டுக்கொண்டு அதே பெட்டியில், அதே காகிதக் குப்பைக்குள், ஏழையும் ஒன்றாகக் குவித்து வையுங்கள். தனித்தனியாகப் பரப்பாதீர்கள். சில்லென்று அசையாமல் கிடப்பதையும் செத்ததென்று ஒதுக்காமல் குவியலின் நடுவில் வையுங்கள். மின்விளக்கை நேராக மேலே எரியவிடாதீர்கள், சூடு மீறினாலும் ஆபத்துதான், விலகிப்போக அவற்றால் முடியாது. பூனையை அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் எல்லோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மகளும்தான். இரவில் பரண் பக்கம் யாரும் போகாமல் இருந்தால், தாய் பிழைத்திருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் காலைக்குள் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போயிருப்பாள். வீட்டில் எலி வேண்டாம் என்றால், அதன்பிறகு சுவர் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளலாம்.